இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகள்: மக்கள் கருத்தை யார் கேட்பது?

கேள்வி: இங்கிலாந்தின் மோட்டார்வேக்கள் எனும் அதிவேக நெடுஞ்சாலைகளையும், ஏ சாலைகள் எனும் பெருஞ்சாலைகளில் முக்கியமானவற்றையும் பராமரிக்கும் நேஷனல் ஹைவேஸ் நிறுவனமே தன் பணியைப் பற்றி மக்களிடம் கேட்டால், விடைகளை நம்ப முடியுமா?

மறுமொழி 1: அதனால்தான், 2015ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, டிரான்ஸ்போர்ட் ஃபோகஸ் என்ற தனி அமைப்பிடம் இப்பொறுப்பு தரப்பட்டது. அண்மையில் சென்ற ஒரு பயணத்தை மையமாக வைத்தே அது கேட்கிறது: பயண நேரம், சாலைப் பரப்பு, பாதுகாப்பு உணர்வு, சாலைப் பணிகள் கையாளப்பட்ட விதம்.

மறுமொழி 2: அது மிகச் சரியான முறை. "சாலைகள் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால், உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பிலுள்ள தெருக் குழிகளின் மீதான கோபமும் நேஷனல் ஹைவேஸுக்கு மக்கள் தரும் மதிப்பெண்ணில் கலந்துவிடும். ஆனால், அச்சத்தால் மோட்டார்வேயையே தவிர்ப்பவர்களின் குரல் இதில் பதிவாகாது என்பது எனக்குப் பெருங்கவலை.

மறுமொழி 3: அவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும், ஐயா, இரு தரப்பு விடைகளையும் ஒரே சராசரியில் சேர்க்கக் கூடாது.