கோ-ஆப்பெட்டிஷன்: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

ந. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

தொலைநிலைக் கல்வியில் வணிக மேலாண்மை படிப்பவர்களுக்கான பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்தது, நான்காம் அலகு மட்டும் நிற்கிறது, ஏனென்றால் அது முழுக்க ஒரே சொல்லைச் சுற்றி ஓடுகிறது: கோ-ஆப்பெட்டிஷன். கோ-ஆப்பரேஷனையும் (ஒத்துழைப்பு) காம்பெட்டிஷனையும் (போட்டி) ஒட்டிச் செய்த சொல், போட்டியாளர்களே ஒருவரிடம் ஒருவர் வேலை வாங்கிக்கொள்வதைக் குறிப்பது. நொவெல் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவராக இருந்த ரே நூர்டா பேசிப் பேசிப் பரப்பியது, 1990களில் மேலாண்மைப் படிப்புக்குள்ளும் வந்துவிட்டது.

பாடத்தில் வரும் எடுத்துக்காட்டு ஆப்பிளும் சாம்சங்கும். ஐபோனைப் பார்த்து அப்படியே செய்துவிட்டார்கள் என்று 2011 ஏப்ரலில் ஆப்பிள் வழக்குப் போடுகிறது. 2012 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஜூரி தீர்ப்புச் சொல்கிறது, சாம்சங் ஏறக்குறைய 105 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று. அடுத்த மாதம் ஐபோன் 5 கடைக்கு வருகிறது. அதற்குள் இருக்கும் ஏ6 சில்லை, அதாவது போனை இயக்கும் சிப்பைச் செய்து கொடுத்தது யார்? அதே சாம்சங்! இந்த உறவுக்குத்தான் பெயர் வேண்டும்.

"கூட்டுறவுப் போட்டி" என்று முன்பு யாரோ எழுதியிருக்கிறார்கள். மாணவர்கள் அதைக் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கோலப்போட்டி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "கூட்டுப்போட்டி"யும் குழுவாகச் சேர்ந்து ஆடுவது மாதிரி இருக்கிறது. வேறு சொல்லுங்கள்.

சி. எழுதியது:

ந. அக்கா, "போட்டி ஒத்துழைப்பு" என்று போட்டுவிட்டு அடுத்த அலகுக்குப் போங்கள். இரண்டு சொல்லும் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் பாடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே போன் விற்கிற பிரிவு வேறு, சில்லு செய்கிற பிரிவு வேறு, திரை செய்வது சாம்சங் டிஸ்ப்ளே என்ற தனி நிறுவனம். ஆப்பிள் சண்டை போட்டது முதல் ஆளோடு, சரக்கு வாங்கியது மற்ற இருவரிடம். 2007இல் வந்த முதல் ஐபோனிலேயே சாம்சங் சில்லுதான். ஏ5 சில்லு டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கும் சாம்சங் ஆலையில் தயாரானது. அதாவது அமெரிக்க நீதிமன்றத்தில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அதே அமெரிக்காவில், ஒருவருக்காக மற்றவர் உற்பத்தி செய்துகொண்டிருந்தார். 2017இல் ஐபோன் எக்ஸுக்குத் தானே ஒளிவிடும் ஓலெட் திரை தேவைப்பட்டபோது அந்தத் தரத்தில் அந்த அளவுக்குக் கொடுக்க சாம்சங் டிஸ்ப்ளேயை விட்டால் ஆள் இல்லை. பிடிக்கும் பிடிக்காது என்பதற்கெல்லாம் அங்கே இடமே இல்லை.

வேகமாக வேண்டுமென்றால் "போட்டுழைப்பு" என்றும் ஒட்டிப் பார்க்கலாம், ஆங்கிலத்தில் செய்தது போலவே.

மு.வே. எழுதியது:

அன்புடையீர்,

"போட்டுழைப்பு" வேண்டாம். இரண்டு சொற்களை வெட்டி மிச்சத்தை ஒட்டுவது தமிழ்ச் சொல்லாக்க முறை அன்று. தம்பி சி. அடுத்து மரூஉவைக் கொண்டுவருவார் என்று தெரியும். தஞ்சாவூர் தஞ்சை ஆனதும், என் தந்தை எந்தை ஆனதும் மக்கள் வாயில் நெடுங்காலம் புழங்கித் தேய்ந்து வந்தவை. மேசையில் உட்கார்ந்து கத்தரியால் வெட்டியவை அல்ல.

என் பரிந்துரை: உறழுறவு.

உறழ்தல் என்றால் மாறுபடுதல், எதிர்த்து நிற்றல். அதே உறழ் என்பது ஒத்திருத்தலும் ஆகும். தொல்காப்பியர் உவமவியலில் "அன்ன ஏய்ப்ப உறழ ஒப்ப" என்று அதை உவம உருபாகவே வைக்கிறார். எதிர்ப்பவனும் ஒத்திருப்பவனும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். ஆப்பிள் போட்ட வழக்கே "என்னைப் போலவே செய்தான்" என்பதுதானே? இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்!

இன்னும் பாருங்கள், அதே இயலில் "புல்லப் பொருவப் பொற்பப் போல வெல்ல வீழ" என்று ஒரு வரிசை வருகிறது. புல்லுதல் தழுவுதல். பொருதல் போரிடுதல். வெல்லுதல் சொல்ல வேண்டியதில்லை. மூன்றும் ஒப்புமைச் சொற்களாக ஒரே மூச்சில் நிற்கின்றன. தழுவுகிறவனும் பொருகிறவனும் வெல்கிறவனும் தனக்கு நிகரானவனைத்தான் தேடுகிறான் என்று நம் முன்னோர் உணர்ந்திருந்தார்கள். என் கருத்தில் உறு என்ற வேரிலிருந்துதான் உறவும் வந்தது, உறழ்வும் வந்தது. தொடுதலே முதற்பொருள். தொட்டால் உறவு, உரசினால் உறழ்வு. ஆகவே உறழுறவு என்பது வேர் இரட்டித்த சொல்.

செய்யுளியலில் உறழ்கலி என்று ஒரு கலிப்பா வகையும் உண்டு, கூற்றும் மாற்றமும் மாறி மாறி வருவது. அதைத் தனியே எழுதுகிறேன்.

ந. எழுதியது:

மு.வே. ஐயா, படிக்கப் படிக்க இனிக்கிறது, உறழ்கலி பற்றியும் அவசியம் எழுதுங்கள். ஆனால் என் மாணவர்களில் பாதிப்பேர் பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் படிப்பவர்கள். "உறழுறவு" என்று அச்சில் பார்த்தால் முதலில் எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள். ழகரமும் றகரமும் அடுத்தடுத்து வருகிறது, வகுப்பில் வாய்விட்டுச் சொல்லவே தயங்குவார்கள். சொல்லத் தயங்கும் சொல்லைத் தேர்வில் எழுத மாட்டார்கள்.

த. எழுதியது:

வணக்கம். வங்கியில் இருந்தவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. "ஒத்துழைப்பு" என்ற சொல் இதில் வரக்கூடாது. போட்டியாளர்கள் விலை வைப்பதில் ஒத்துழைத்தால் அதன் பெயர் விலைக்கூட்டு, சட்டத்துக்குப் புறம்பானது. இங்கே நடப்பது ஒருவரை ஒருவர் சார்ந்திருப்பது. எனவே "சார்போட்டி". வினைத்தொகை, வல்லினம் மிகாது, "சார்ப்போட்டி" என்று எழுதிவிடாதீர்கள்.

அல்லது "பிணைபோட்டி".

சி. எழுதியது:

த. ஐயா, "சார்போட்டி"யை வகுப்பில் உரக்கப் படித்துப் பாருங்கள். "சார், போட்டி" என்றுதான் காதில் விழும். தவிர, சார்பு என்பது பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ஃபங்ஷனுக்கு உரிய சொல். "பிணை" இன்னும் சிக்கல், நீதிமன்றத்தில் இருக்கும் இரண்டு கம்பெனிகளைப் பற்றிப் பேசும்போது பிணை என்றால் ஜாமீன்தான்.

க. (யாழ்ப்பாணம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே உயர்தர வகுப்பு (ஏ/எல்) மாணவர்களுக்கு வணிகக்கல்வி படிப்பிக்கிறேன், அதனால் இந்தச் சொல் எனக்கும் தேவை.

சொல் ஏற்கெனவே ஊருக்குள்ளேயே கிடக்கிறது என்பது என் எண்ணம். பங்காளி. எங்கள் பக்கத்துச் செய்திகளில் அரசின் பங்காளிக் கட்சி என்று நாளாந்தம் எழுதுகிறார்கள், கூட்டாளி என்ற பொருளில். அதே சொல் தமிழ்நாட்டில் பங்காளிச் சண்டை என்று வரும்போது பரம்பரைப் பகை. கிணறு பொது, வரப்பில் வழக்கு. ஒரே ஆளைக் கூட்டாளி என்றும் போட்டிக்காரர் என்றும் சொல்ல ஒரே சொல் இருக்கும்போது ஏன் புதிதாகச் செய்ய வேண்டும்? "பங்காளிப்போட்டி". பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

சி. எழுதியது:

க. ஐயா, இது அருமை. ஆனால் உறவுமுறையைச் சரியாகப் பார்த்தால் ஆப்பிளும் சாம்சங்கும் பங்காளிகள் இல்லை. பங்காளி என்றால் ஒரே சொத்தில் பிறப்பால் பங்குள்ளவர். இவர்கள் ஒருவர் காசு கொடுத்து வாங்க மற்றவர் விற்கிறார். அது கொண்டான் கொடுத்தான் உறவு, சம்பந்தி வகை. அந்த உறவை முறிக்கலாம். ஆப்பிள் முறித்தும் காட்டியது: 2014இல் ஏ8 சில்லைச் செய்யும் வேலையைத் தைவானின் சில்லு நிறுவனமான டிஎஸ்எம்சியிடம் கொடுத்தது, 2015இல் ஏ9 சில்லை இருவரிடமும் பிரித்துக் கொடுத்தது, ஏ10இலிருந்து முழுக்க டிஎஸ்எம்சி. சில்லுக்குச் சாம்சங் தேவையில்லை என்றானது, திரைக்குத் தேவை என்று அப்புறம் வந்தது. பங்காளியை இப்படி மாற்ற முடியுமா?

போனை வலைப்பின்னலோடு இணைக்கும் மோடம் சில்லைச் செய்யும் குவால்காமின் கதை இன்னும் தெளிவு. 2017 ஜனவரியில் ஆப்பிள் அவர்கள் மீது வழக்குப் போட்டது, மோடத்துக்கு இன்டெல் பக்கம் போனது. 2019 ஏப்ரலில் விசாரணை தொடங்கிய அன்றே சமரசம் ஆகி, பல ஆண்டுக்கு மோடம் வாங்கிக்கொள்ள ஒப்பந்தமும் போட்டார்கள், ஏனென்றால் 5ஜி மோடத்துக்கு வேறு வழி இல்லை. அன்றே இன்டெல் போன்களுக்கான 5ஜி மோடத் தொழிலை விடுவதாக அறிவித்தது. அந்த ஆண்டே ஆப்பிள் இன்டெலின் அந்த மோடப் பிரிவை 100 கோடி டாலருக்கு வாங்கப் பேசி முடித்து, 2025இல் ஐபோன் 16இயில் சொந்த மோடத்தை வைத்தது. அதாவது சமரசம் செய்துகொண்டே சார்பை அறுக்கும் வேலை. சொல்லில் இந்த "இப்போதைக்கு" என்ற குணம் வர வேண்டும், நிரந்தரம் என்று தொனிக்கக் கூடாது.

க. எழுதியது:

> பங்காளியை இப்படி மாற்ற முடியுமா?

முடியாது என்பதுதான் சரி என்று நினைக்கிறேன். கூகிளைப் பாருங்கள். ஆண்ட்ராய்டும் ஐபோனும் நேருக்கு நேர் எதிரி. எரிக் ஷ்மிட் கூகிளின் தலைமையில் இருந்துகொண்டே ஆப்பிள் இயக்குநர் சபையிலும் இருந்தார், 2009இல் விலக வேண்டி வந்தது. ஆனாலும் ஆப்பிளின் உலாவியான சஃபாரியில் கூகிள் தேடலை முன்னிருப்பாக வைப்பதற்கு 2022இல் மட்டும் கூகிள் ஆப்பிளுக்கு 2000 கோடி டாலர் கொடுத்திருக்கிறது, அமெரிக்க அரசு கூகிள் மீது போட்ட ஏகபோக வழக்கில் வெளிவந்த கணக்கு இது. தேடல் விளம்பரத்தில் வரும் வருமானத்தில் பங்கு என்ற கணக்கில்தான் அந்தப் பணம். பங்கு வாங்குகிறவர் பங்காளி இல்லாமல் வேறு யார்?

மு.வே. எழுதியது:

அன்புடையீர்,

க. அவர்களின் பங்காளியை நான் மதிக்கிறேன். மண்ணில் விளைந்த சொல். ஆனால் "போட்டி"யை ஏன் எல்லாரும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டீர்கள்? சங்க நூல்களில் அதை நான் கண்டதில்லை. தெலுங்கில் போட்டீ, கன்னடத்தில் பைப்போட்டி. யாருடையது யாரிடம் வந்தது என்று முடிவாகாத சொல்லை அடித்தளமாக வைத்து வீடு கட்டுகிறோம்.

குறளிலிருந்தாவது எடுப்போம். "பகைநட்பாக் கொண்டொழுகும்" என்று பகைத்திறந்தெரிதலில் வருகிறது, "பகைநட்பாம் காலம் வருங்கால்" என்று கூடாநட்பில் வருகிறது. இரண்டாவது குறள் அப்படியே இவர்களுக்குப் பொருந்தும்: பகைவர் நட்பாக வேண்டிய காலம் வந்தால் முகத்தால் மட்டும் நட்புக் காட்டி, அகத்து நட்பை விட்டுவிடு என்கிறார். தம்பி சி. கேட்ட "இப்போதைக்கு" என்ற குணம் "காலம் வருங்கால்" என்பதில் இருக்கிறது. பகைநட்பு என்றே வைக்கலாம். உறழுறவு எனக்கு இன்னும் உயர்வாகப் படுகிறது, ஆனால் பகைநட்புக்கு இறங்கி வருவேன்.

த. எழுதியது:

பகையும் இல்லை நட்பும் இல்லை ஐயா. இரண்டும் மனத்தைப் பற்றியவை, இது கணக்குப் புத்தகத்தைப் பற்றியது. 2018 மே மாதம் இன்னொரு ஜூரி 53.9 கோடி டாலர் என்றது, அடுத்த மாதம் ஆப்பிளும் சாம்சங்கும் சமரசம் ஆனார்கள். இடையில் 2016இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த ஏழு ஆண்டுகளில் கொள்முதல் நின்றதா? சாம்சங்கிடமிருந்து ஆப்பிளுக்குச் சில்லு போனது, நினைவகம் போனது, திரை போனது. பகை என்று எழுதினால் மாணவன் இந்தப் பாதியைத் தவற விடுவான்.

ந. எழுதியது:

நண்பர்களே, இன்று இரவு அனுப்ப வேண்டும். த. ஐயா சொன்னதை ஒட்டி, மனநிலை எதுவும் தொனிக்காத சொல்லாகப் "போட்டியுறவு" என்று வைக்கப் போகிறேன். யாரும் வாசித்தவுடன் புரிந்துகொள்ளலாம், உறவு என்பது நல்லுறவாகவும் இருக்கலாம் வியாபார உறவாகவும் இருக்கலாம், முறியவும் செய்யலாம். எங்கும் சேர்த்தே எழுதுகிறேன், "போட்டி உறவு" என்று பிரித்தால் சொல் கரைந்துவிடும்.

சி. எழுதியது:

சம்மதம். என் "போட்டி ஒத்துழைப்பு"தான் எளிது என்று இப்போதும் நினைக்கிறேன், ஆனால் சம்மதம்.

த. எழுதியது:

ஒத்துழைப்பு இல்லாத வரை எனக்குச் சம்மதம்.

க. எழுதியது:

பாடநூலுக்கு அது போதும். நான் என் வகுப்பில் பங்காளிப்போட்டி என்றுதான் எழுதப் போகிறேன், இரண்டு ஆண்டு புழங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ந. அக்கா, சொல்லடைவில் அதையும் ஒரு மாற்றுச் சொல்லாகப் போட முடியுமா?

மு.வே. எழுதியது:

போட்டியுறவை நான் ஏற்கவில்லை. பொருட்சுருக்கம் உண்டு, பொருளாழம் இல்லை. உறவுக்குள் நடக்கும் போட்டியா, போட்டிக்குள் நிற்கும் உறவா என்று சொல் தெளிவாகக் காட்டவில்லை. சொல்லடைவில் மாற்றுச் சொற்களுக்கு இடம் கொடுப்பதானால் உறழுறவையும் சேர்க்க வேண்டுகிறேன். உறழ்கலி பற்றிய மடல் நாளை வரும்.

ந. எழுதியது:

சொல்லடைவில் ஒரு சொல்லுக்கு ஒரு வரிதான் தருகிறார்கள் ஐயா. பங்காளிப்போட்டி, உறழுறவு இரண்டையும் அந்த வரியிலேயே நெருக்கிப் போட முயல்கிறேன். ஐந்தாம் அலகில் "லாக்-இன்" வருகிறது, ஒரு நிறுவனத்தின் போனை வாங்கியவர் அதை விட்டு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்வது. அதற்கும் யோசித்து வையுங்கள்.