வாள் கால்ல இடிக்குது, தோளும் வலிக்குது. ஞாயிறு கர்ஜத்ல லார்ப் (வேஷம் போட்டு ஃபோம் வாளால மோதற கேம்), அவசரம்

செம்பூர்_சிப்பாய் · புதன், இரவு 11:42
மக்களே உதவி. புது வாள் வந்தாச்சு, பார்க்க அட்டகாசம். ஆனா தொங்கவிட்டு நடந்தா முழங்கால்ல இடிச்சுக்கிட்டே இருக்கு. ஓடினா ரெண்டு காலுக்கும் நடுவுல புகுந்துடுது. சாயங்காலத்துக்குள்ள தோள்பட்டை வேற கழண்டு விழற மாதிரி வலி. முதுகுல மாட்டிக்கலாமா? உறை ரெடிமேடா மும்பைல எங்க கிடைக்கும்? ஞாயிறு கேம், சீக்கிரம் சொல்லுங்க.

கேடயக்காரன் · புதன், இரவு 11:58
நீளம் எவ்வளவு? லேட்டக்ஸ் (ரப்பர் பால்) பூசினதா, அச்சுல வார்த்த ஃபோமா, வீட்ல இவிஏ (ஒரு ஃபோம் ரகம்) ஷீட் வெட்டி ஒட்டினதா? எதுல தொங்குது, இடுப்பு பெல்ட்லயா, தோள்ல மாட்டுற குறுக்குப் பட்டையிலயா? வலது கையா இடது கையா? இதெல்லாம் சொல்லாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி.

முலுண்ட்_வில்லாளி · வியாழன், காலை 7:15
முதுகு வேண்டாம். தோளுக்கு மேல கையை நீட்டி உருவினா கை போற தூரம்தான் வாள் வெளிய வரும். சராசரி ஆளுக்கு அது 60, 65 செ.மீ. அலகு (பிடி போக மிச்சம் இருக்கற பகுதி) 85 இருந்தா மிச்சம் 20 உறைக்குள்ளயே நிக்கும். அப்ப எல்லாரும் என்ன பண்ணுவாங்க? குனிஞ்சு, உடம்பை முறுக்கி, அலகை வளைச்சு இழுப்பாங்க. உள்ள இருக்கற கண்ணாடி இழைத் தண்டு வளையும், மேல இருக்கற ஃபோம் தண்டுல இருந்து விட்டுக்கும். ஒருவேளை உருவிட்டாலும் கேம் நடுவுல திரும்ப உள்ள சொருகவே முடியாது, பின்னாடி கண்ணு கிடையாதே.

முதுகுலதான் வேணும்னா ஒரு பக்கம் முழுக்கத் திறந்த உறை செய்யணும். மேல காவுபிடி (பிடிக்கும் அலகுக்கும் நடுவுல இருக்கற குறுக்குத் தடுப்பு) உக்கார ஒரு கொக்கி, கீழ முனைக்கு ஒரு சின்னப் பை. வாளைப் பக்கவாட்டுல தள்ளி எடுக்கலாம்.

பழைய_தளபதி · வியாழன், காலை 9:03
இக்கேள்விக்கு இங்கே பலமுறை விடை சொல்லியாயிற்று. தேடல் பெட்டியை யாரும் அலங்காரத்துக்காக வைக்கவில்லை. புதிதாக வருபவர்கள் முதலில் இந்த மன்றத்தின் பழைய உரையாடல் இழைகளைப் படித்துவிட்டு, பிறகு 'அவசரம்' என்று எழுதினால் நன்று.

விடை ஒன்றே: 4 மி.மீ. கனத்தில், கடுக்காய்ப் பதம் செய்த மாட்டுத்தோல், பித்தளை வளையம், பித்தளை ரிவெட். நைலான் பட்டை என்பது பள்ளிக்கூடப் பைக்கு. அதைக் கட்டிக்கொண்டு வீரன் வேடம் போடுவது பார்க்கச் சகிக்கவில்லை.

தோல்வார்_90அடிரோடு · வியாழன், காலை 10:20
தளபதி அண்ணாச்சி, தோல் நல்ல பொருள்தான், இல்லேங்கல. ஆனா அவர் லேட்டக்ஸ் வாள் வச்சிருந்தா நீங்க சொன்ன பித்தளைதான் முதல் எதிரி. பித்தளைல செம்பு இருக்கு. இயற்கை ரப்பர்ல செம்பு பட்டுக்கிட்டே இருந்தா ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போய் பிசுபிசுக்கும், அப்புறம் வெடிக்கும். வளையம் ஸ்டீலா இருக்கட்டும், இல்ல பிளாஸ்டிக். ரிவெட் தலை உள்பக்கம் தெரியவே கூடாது, மேல ஒரு துண்டு மெல்லிய தோலை ஒட்டி மூடணும். இல்லேன்னா ஒவ்வொரு தடவை உருவும்போதும் ஒரே இடத்துல கீறும்.

இன்னொண்ணு. தோலுக்குப் புதுசா எண்ணெய் போட்டுட்டு உடனே வாளைச் சொருகாதீங்க. எண்ணெய் லேட்டக்ஸை ஊத வைக்கும். தோலோட வழுவழுப் பக்கம் உள்ள வரணும், சொரசொரப் பக்கம் லேட்டக்ஸைப் பிடிச்சு இழுக்கும்.

செம்பூர்_சிப்பாய் · வியாழன், மதியம் 1:31
லேட்டக்ஸ். மொத்தம் 110 செ.மீ. குறுக்குப் பட்டைல ஒரு வளையம், அதுல தொங்குது. ஆபீஸ்ல இருக்கேன்.

கேடயக்காரன் · வியாழன், மதியம் 1:50
எந்தக் கை?? பட்டை எவ்வளவு அகலம்? அதுல வேற என்னென்ன தொங்குது?

முலுண்ட்_வில்லாளி · வியாழன், மதியம் 2:12
ஒரே வளையம்னு சொன்னாரே, அதுதான் சங்கதி. ஒரு புள்ளில தொங்குற எதுவும் ஆடும். நிஜ வாள் ஒரு கிலோவைச் சுத்தி இருக்கும், தன் எடையிலயே கொஞ்சம் அடங்கி நிக்கும். இது அரை கிலோ சொச்சம். தொடை ஒரு தட்டு தட்டினா போதும், கிளம்பிடும். இதுக்காக உள்ள எடை கட்டச் சொல்லி யாராவது யோசனை குடுத்தா கேக்காதீங்க. அடி விழறப்ப எதிராளிக்கு வலிக்கும், பாதுகாப்புச் சோதனையிலயே திருப்பி அனுப்பிடுவாங்க.

கணக்கும் பாருங்க. 110ல பிடி, காவுபிடி போக அலகு 85னு வைங்க. நேரா கீழ தொங்கினா முனை கணுக்கால்கிட்ட, குட்டையான ஆளா இருந்தா தரையிலயே தேயும். 45 டிகிரி சாய்ச்சா கீழ 60, பின்னாடி 60. இன்னும் தூக்கி 60 டிகிரி சாய்ச்சா கீழ 42தான், ஆனா பின்னாடி 74 நீட்டிக்கிட்டு நிக்கும். நீங்க திரும்பும்போது பின்னாடி வர்றவர் தொடையில ஒரு சாத்து. அதனால நடக்க 45, ஓடுறப்ப பிடியோட குமிழை ஒரு கையால கீழ அமுக்குங்க, முனை தானா மேல வரும்.

தோல்வார்_90அடிரோடு · வியாழன், மாலை 4:05
வில்லாளி சொன்னதுக்கு அளவு தரேன். தோல்ல செஞ்சாலும் நைலான்ல செஞ்சாலும் அமைப்பு ஒண்ணுதான்.

வளையத்தைத் தூக்கிப் போட்டுட்டு 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு குழாய் மாதிரி உறை செய்ங்க, அடி திறந்தே இருக்கட்டும். முதல்ல அலகோட சுத்தளவை காவுபிடிக்குக் கீழ நூல் வச்சு அளங்க. 13 வந்தா உறை உள்சுத்து 15, தையலுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணரை, ஆக 18 அகலம் வெட்டணும். இறுக்கமா வச்சா உருவும்போது லேட்டக்ஸ் மடிஞ்சு உரியும். ரொம்ப லூசா வச்சா உள்ளயே ஆடும், காவுபிடியும் உள்ள இறங்கிடும். 2 மி.மீ. தோல் போதும், தளபதி சொல்ற 4 மி.மீ. பெல்ட்டுக்கு ஆகும், உறைக்கு ஆகாது. தோல் வேண்டாம்னா 3 மி.மீ. இவிஏ ஷீட், உள்ள சாட்டின் லைனிங் துணி.

அந்த உறைல ரெண்டு டி வளையம். ஒண்ணு மேல் விளிம்புல, முன்பக்கம். இன்னொண்ணு அதுக்கு 15 செ.மீ. கீழ, பின்பக்கம். மேல் வளையத்துல இருந்து 5 செ.மீ. பட்டை, இடுப்பு எலும்புக்குக் கொஞ்சம் முன்னால பெல்ட்ல மாட்டுங்க. கீழ் வளையத்துல இருந்து இன்னொரு பட்டை, பெல்ட்ல அதுக்கு ஒரு சாண் பின்னால. இந்தப் பின்பட்டைல கண்டிப்பா ஸ்லைடர் பக்கிள் போடுங்க. பட்டையைக் குறைச்சா முனை மேல ஏறும், விட்டா இறங்கும். கண்ணாடி முன்னாடி நின்னு சரிபண்ணா பத்தாது, மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்க.

பெல்ட் 4 செ.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது. மெல்லிசு பெல்ட்னா வாள் பக்கம் மடிஞ்சு சுருளும். பேண்ட் பெல்ட்லயே மாட்டாம, மேல தனி பெல்ட்டா கட்டுங்க.

வெட்டுத் தோல் சயான் பாந்த்ரா லிங்க் ரோடு கடைகள்ல கேட்டா கிடைக்கும். பட்டை, பக்கிள், வளையம் புலேஷ்வர்ல. ரெடிமேட் உறை தேடி நேரத்தை வீணாக்காதீங்க. அலங்கார வாளுக்குச் செஞ்ச உறைல ஃபோம் அலகு நுழையவே நுழையாது, ஃபோம் அலகு அதைவிடத் தடிமனா இருக்கும்.

பழைய_தளபதி · வியாழன், மாலை 5:40
4 மி.மீ. என்று பெல்ட்டையும் சேர்த்தே சொன்னேன். படிப்பவர்களுக்குப் புரிந்திருக்கும். மழைக்காலத்தில் இவிஏவும் சாட்டினும் என்ன கதி ஆகும் என்பதையும் தம்பி விளக்கட்டும்.

தோல்வார்_90அடிரோடு · வியாழன், மாலை 5:52
ஒண்ணும் ஆகாது, ஒரு மணி நேரத்துல காயும். ஜூலைல பூஞ்சை பிடிக்கறது தோல்தான் அண்ணாச்சி. தோல் விக்கிறவனே சொல்றேன், கேட்டுக்கோங்க.

கோலிவாடா_ஈட்டி · வியாழன், இரவு 8:30
எல்லாரும் உறையையே பேசறீங்க. லேட்டக்ஸ் ஒட்டுது, அதான் உருவ முடியல, அதான் எல்லாப் பிரச்சினையும். சிலிக்கான் ஸ்ப்ரே அடிங்க, முடிஞ்சது கதை.

முலுண்ட்_வில்லாளி · வியாழன், இரவு 8:44
அவர் உருவ முடியலன்னு எங்க சொன்னாரு?

ஆனா சிலிக்கான் நல்லதுதான். வாள் மேல நேரா அடிக்காம துணில அடிச்சு மெல்லிசா துடைக்கணும், பிடியில படக் கூடாது, வழுக்கும். லேட்டக்ஸ் எங்கயாவது கிழிஞ்சிருந்தா முதல்ல அதை ஒட்டிட்டு அப்புறம் சிலிக்கான். முதல்ல சிலிக்கான் போட்டா மேல பசையும் நிக்காது, பெயிண்டும் நிக்காது. கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே, தேங்காய் எண்ணெய், வாசலின் மூணும் கூடவே கூடாது. கைல ஒண்ணும் இல்லேன்னா டால்கம் பவுடர், அன்னைக்குத் தாங்கும்.

கேடயக்காரன் · வியாழன், இரவு 9:10
இன்னும் எந்தக் கைன்னு பதில் வரல. சரி, போற வழி சொல்லிடறேன். தாதர்ல இருந்து கர்ஜத் லோக்கல்ல போறதா இருந்தா இடுப்புல கட்டிக்கிட்டு பிளாட்பாரத்துல நிக்காதீங்க. பையில போட்டு மூடி எடுத்துட்டுப் போங்க, இடத்துல போய் மாட்டுங்க.

கோலிவாடா_ஈட்டி · வியாழன், இரவு 9:16
ஃபோம் பாஸ். 1959 ஆயுதச் சட்டத்துல பொம்மை ஆயுதம் வராது. இது குழந்தை விளையாடறது.

கேடயக்காரன் · வியாழன், இரவு 9:31
அது மத்திய சட்டம். இங்க மகாராஷ்டிரா போலீஸ் சட்டம் 1951, பிரிவு 37(1)னு ஒண்ணு இருக்கு. அதுல தடை உத்தரவு போட்டா வாள், ஈட்டி, தடி எதுவும் பொது இடத்துல தூக்கிட்டுப் போகக் கூடாது. மும்பைல இந்த உத்தரவு அடிக்கடி வரும். ஃபோம்னு விளக்கிப் புரிய வைக்கலாம்தான். ஆனா பத்தடி தூரத்துல இருந்து பார்க்கிற கான்ஸ்டபிளுக்கு வெள்ளிப் பெயிண்ட் மட்டும்தானே தெரியும்? நீங்க விளக்கி முடிக்கறதுக்குள்ள வண்டி போயிடும்.

பழைய_தளபதி · வியாழன், இரவு 10:02
சட்ட வகுப்பு எடுக்க வேறு இழை தொடங்கலாம். ஒரு கிரிக்கெட் கிட் பையில் போட்டால் தீர்ந்தது.

கேடயக்காரன் · வியாழன், இரவு 10:08
கிரிக்கெட் பேட்டுக்கு உச்சவரம்பே 96.5 செ.மீ. பை அந்தக் கணக்குலதான் தைக்கிறாங்க. 110 அதுல நேரா போகாது, முனை மடங்கும். ராத்திரி முழுக்க மடங்கிக் கிடந்தா அப்படியே நிக்கும்.

பழைய_தளபதி · வியாழன், இரவு 10:11
பெரிய பைகளும் உண்டு. குறுக்காகவும் வைக்கலாம்.

முலுண்ட்_வில்லாளி · வியாழன், இரவு 10:25
தூண்டில் கம்புப் பை பாருங்க, நீளமா கிடைக்கும். உள்பக்கம் ரெக்சினா இருந்தா மட்டும் வாளை முதல்ல பழைய காட்டன் தலையணை உறைல போட்டு வைங்க. ரெக்சின்ல மிருதுவாக்கச் சேர்க்கற பொருள் லேட்டக்ஸுக்கு ஏறி ஒட்டிக்கும். ரெண்டு வாள் இருந்தா ரெண்டுக்கும் தனித்தனி உறை. ரயில் ரேக்ல மத்தவங்க பைக்கு அடியில வைக்காதீங்க, கார் டிக்கியில வெயில்ல விடாதீங்க. வீட்ல முனையை ஊனி மூலையில சாய்ச்சு வைக்கறது எல்லாத்துலயும் மோசம், தண்டு கொஞ்சம் கொஞ்சமா முனை ஃபோமைக் குத்திக்கிட்டு வெளிய வரும். அப்புறம் அந்த வாள் யார் மேலயும் படவே கூடாது. காவுபிடிக்கு அடியில அகலமான ரெண்டு ஆணி வச்சு முனை கீழ பார்க்கத் தொங்கவிடுங்க.

செம்பூர்_சிப்பாய் · வெள்ளி, இரவு 10:50
இடது கை. பட்டை பழைய லேப்டாப் பையோடது, ஒரு இஞ்ச் இருக்கும். அதுலயே தண்ணி பாட்டிலும் காசுப் பையும் கட்டியிருக்கேன்.

கேடயக்காரன் · வெள்ளி, இரவு 10:57
அப்பாடா. ஒரு லிட்டர் பாட்டில்னா தண்ணி மட்டுமே ஒரு கிலோ. வாளைவிட அதுதான் கனம். தோளை அறுக்கறது வாள் இல்ல, பாட்டில். அதை இன்னைக்கே இடுப்பு பெல்ட்டுக்கு மாத்துங்க, வாளுக்கு எதிர்ப்பக்கம்.

இடது கைன்னா வாள் வலது இடுப்புல வரணும், தோல்வார் சொன்ன முன்பட்டை, பின்பட்டை எல்லாம் வலப்பக்கம். உறை தைக்க இனி நேரம் இல்லேன்னா ஞாயிறுக்கு மட்டும் இப்படிப் பண்ணுங்க: குறுக்குப் பட்டைக்கு மேல ஒரு அகல பெல்ட் இறுக்கிக் கட்டுங்க, பட்டை ஆடாது. வளையத்துக்கு ஒரு சாண் கீழ அலகைச் சுத்தி நாலு விரல் அகலத் துணியை லூசா ஒரு கண்ணியாத் தைச்சு, அதை ஒரு நாடாவால பெல்ட்டோட பின்பக்கம் கட்டுங்க. ரெண்டாவது புள்ளி கிடைச்சாச்சு. உருவும்போது கண்ணி பெல்ட்லயே நிக்கும். குறுவாள் இருந்தா முதுகுத்தண்டு மேல படுக்கையா சொருகாதீங்க, மல்லாக்க விழுந்தா உள்ள இருக்கற கண்ணாடி இழைத் தண்டு முதுகுல குத்தும்.

தோல்வார்_90அடிரோடு · வெள்ளி, இரவு 11:20
அடுத்த கேமுக்கு அந்த ஒரு இஞ்ச் பட்டையைக் கழட்டிட்டு 5 செ.மீ. பட்டை போட்டுடுங்க தம்பி. லேப்டாப் பை கொக்கி சுழல்ற ரகம், அதுவும் வாளைச் சுத்த விடும்.

செம்பூர்_சிப்பாய் · திங்கள், காலை 9:12
துணிக் கண்ணி வேலை செஞ்சுது, கால்ல இடிக்கல. தோள் வலி அப்படியே. நன்றி.

கேடயக்காரன் · திங்கள், காலை 9:20
பாட்டிலை மாத்துனீங்களா?

முலுண்ட்_வில்லாளி · செவ்வாய், இரவு 8:05
மாத்தியிருக்க மாட்டாரு.