வார்டியன் கேஸ்: என் பரிந்துரை 'செடிப்பேழை'

நண்பர்களே, வணக்கம்.

செடிகளைக் கப்பலில் தொலைதூரம் கொண்டுபோகப் பயன்பட்ட மூடிய கண்ணாடிப் பெட்டிதான் வார்டியன் கேஸ். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் இதுவரை வந்த மூன்று சொற்களில் 'வார்டு பெட்டி'யை முதலில் விலக்கிவிடலாம். அதை உருவாக்கிய நதானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவரின் பெயர் அதில் இருப்பது நியாயம்தான். ஆனால் தமிழில் வார்டு என்றாலே ஆஸ்பத்திரியோ மாநகராட்சித் தேர்தலோதான் நினைவுக்கு வரும். 'கண்ணாடிப் பெட்டி' மீன்தொட்டிக்கும் பொருந்தும். 'பசுமைப் பெட்டி' பசுமை இல்லத்தோடு குழம்பும்.

அந்தப் பெட்டி என்ன செய்தது என்பதிலிருந்து சொல்லைத் தேடுவோம். கப்பல் தளத்தில் வைத்த செடிகள் உப்புக் காற்றிலும் நன்னீர்ப் பஞ்சத்திலும் பட்டுப்போய்க்கொண்டிருந்த காலம். 1829 வாக்கில் வார்டு ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு குடுவையில் மூடி வைத்திருந்தார். அந்த மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்தன. ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கியதால் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவையே இல்லை. 1833இல் இதே முறையில் செய்த இரண்டு பெட்டிகளை சிட்னிக்கு அனுப்பினார். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அப்புறம் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துத் தாவர சேகரிப்பாளர் சீனத் தேயிலையை இமயமலைச் சரிவுகளுக்குக் கொண்டுவந்ததும் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான். 1876இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 1,900க்கும் மேற்பட்ட ரப்பர் கன்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்குக் கிளம்பின. இலங்கையிலும் மலாயாவிலும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய நம் மக்களின் கதையில் இந்தப் பெட்டிக்குப் பெரிய இடம் உண்டு. அதற்கு ஒரு நல்ல பெயர் வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

ஆக, கண்ணாடி இங்கே வெளிச்சத்துக்காக. உயிரைக் காத்தது மூடி. மூடியுள்ள பெட்டிக்குப் பேழை என்ற பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் நோவா உயிர்களை ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் போனதும் பேழையில்தான். கடல் கடந்த செடிகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இறந்தவரை வைத்துப் புதைத்த பெட்டிக்கு ஈமப்பேழை என்று தொல்லியலில் இருக்கிறதே என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. ஆனால் அங்கே 'ஈமம்' என்ற முன்சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. இங்கே 'செடி' அதே வேலையைச் செய்யும்.

கட்டுரைகளில் முதல்முறை 'வார்டியன் செடிப்பேழை' என்றும் பிறகு வெறும் 'செடிப்பேழை' என்றும் எழுதலாம். கண்ணாடிக் குடுவைக்குள் செடி வளர்த்து மேசையில் வைக்கும் டெர்ரேரியத்தை இதோடு சேர்க்க வேண்டாம். அது பயணம் போகாதது. அதற்குக் 'குடுவைத்தோட்டம்' சரிப்படுமா?