படகில் புத்தாண்டு: எட்டுப் பேர், 16 ஆம்பியர், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு மெரினாவில் (படகுத் துறையில்) 32 அடி பாய்மரப் படகில் குடியிருக்கிறோம். டிசம்பர் 31 ராத்திரி எட்டுப் பேருக்குச் சாப்பாடு. கணக்கில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

கரையிலிருந்து வரும் மின்சாரம் 16 ஆம்பியர், அதாவது சுமார் 3,600 வாட். ஃபேன் ஹீட்டர் 2,000, கெட்டில் 2,000. இரண்டும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழுந்து கரண்ட் போகலாம். பாண்டூன் (மிதக்கும் நடைமேடை) தூணில் இருக்கும் பிரேக்கர் விழுந்தால், உறைபனி வழுக்கும் பலகையில் டார்ச்சோடு நடக்கணும். அதனால் வெந்நீர் கேஸ் அடுப்பில்தான். பியூட்டேன் கேஸ் 0 டிகிரி பக்கம் போனாலே ஆவியாகாது, அடுப்பு அழுது வடியும். ரெகுலேட்டரோடு புரொப்பேனுக்கு மாறியாச்சு.

பெரிய தலைவலி ஈரம்தான். எட்டுப் பேர் மூச்சும் சோறு வேகும் ஆவியும் சேர்ந்து, ஹாட்ச் (கூரைத் திறப்பு) ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக மெத்தையில் விழும். ஆனாலும் ஹாட்சை முழுக்க மூட முடியாது. அடுப்பு எரியும்போது காற்று வராவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அலாரம் இருக்கிறது என்பதற்காக அடுப்பில் குளிர்காய்வதும் கூடாது.

டிஹியூமிடிஃபையரில் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) எது வாங்கலாம்? கம்ப்ரசர் வகை கரண்ட் குறைவாகக் குடிக்கும், ஆனால் குளிரில் சரியாக இழுக்காது. டெசிகன்ட் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த) வகை குளிரிலும் இழுக்கும், கரண்ட் கூடுதல். ஹீட்டரோடு சேர்த்து ஓட்டியவர்கள் யாராவது உண்டா?

வாணவேடிக்கைப் பொறி விழாமல் பாய் உறையைக் காப்பது எப்படி? நனைத்துவிட்டால் போதுமா?

காலாவதியான ஃபிளேரை பட்டாசாக விடலாமே என்று யாரும் சொல்லாதீர்கள். அது அபாய சமிக்ஞை, விளையாட்டுக்கு விட்டால் குற்றம்.