கார்டு எத்தனை பிரேம் தருகிறதோ, அதற்கேற்ற மானிட்டர்

மானிட்டர் வாங்கக் கடைப் பட்டியலைத் திறக்குமுன் கிராபிக்ஸ் கார்டை அளந்துவிடுங்கள். அதிகம் ஆடும் கேமை வழக்கமான செட்டிங்கிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, சராசரி பிரேம் (நொடிக்கு எத்தனை படம்), அடிமட்ட பிரேம், ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 1080பி திரைக்குக் கார்டு வரைய வேண்டியது சுமார் 20.7 லட்சம் பிக்சல் (படப்புள்ளி), 1440பி 36.9 லட்சம், 4கே 82.9 லட்சம். இப்போதே ஜிபியு 97-99 சதவீதத்தில் நிற்கிறதா? அப்படியானால் 1080-லிருந்து 1440-க்குப் போனதும் பிரேம் கணிசமாக விழும். 60 சதவீதத்தில்தான் இருக்கிறது, பிரேமுக்கு வரம்பும் வைக்கவில்லை என்றால் பெரும்பாலும் பிராசஸர்தான் தடை. அதிக பிக்சல் உள்ள மானிட்டர் போட்டாலும் இழப்பு குறைவு. இதைப் பார்க்காமல் 4கே வாங்கியவர்கள்தான் அடுத்த மாதமே கார்டு மாற்ற வழி தேடுகிறார்கள்.

*

மேலே சொன்னதோடு அளவையும் சேர்த்துப் பாருங்கள். 27 அங்குலத்தில் 1080பி எடுத்தால் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான், எழுத்து பிசிறடிக்கும். 24-க்கு 1080, 27-க்கு 1440 பொருத்தம். 4கே வாங்கி 1440-ல் ஓட்டிக்கொள்ளலாம் என்பது நல்ல யோசனை அல்ல: ஒன்றரை மடங்கு விரிவதால் படம் மங்கும். அதைவிட கேமில் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் (குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கித் தரும் வசதி) போடுவது மேல்.

பணம் இடித்தால் எச்டிஆர்400 என்ற ஒளி-இருள் தர முத்திரையை முதலில் விடுங்கள். லோக்கல் டிம்மிங் (திரையின் பகுதி பகுதியாக ஒளியைக் குறைப்பது) இல்லாமலே அந்த முத்திரை கிடைத்துவிடும். ஃப்ரீசிங்க் வீச்சை, அதாவது கார்டின் பிரேமுக்கேற்ப மானிட்டர் தன் ஹெர்ட்ஸை (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கிறது) மாற்றிக்கொள்ளும் எல்லையை, மட்டும் விடவே விடாதீர்கள். கார்டு 40 பிரேம் தரும்போது ஒவ்வொரு பிரேமையும் இருமுறை காட்டினால் 80 ஆகும். 48-144 வீச்சுள்ள மானிட்டரில் அது அடங்கும், 48-75 வீச்சில் அடங்காது. படம் கிழியும் அல்லது திக்கித் திக்கி ஓடும். நடுத்தரக் கார்டு வைத்திருப்பவருக்குத்தான் இது அதிகம் தேவை.

*

“144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன், 60-தான் வருகிறது” என்பவர்கள் இந்த வரிசையில் பாருங்கள். கேபிள் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டிலா? கார்டில்தான் இருக்க வேண்டும். போர்ட் எது? எச்டிஎம்ஐ 1.4-ல் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 2.0-ல் 4கே 60, 1440பி 144 வரும். இடமிருந்தால் டிஸ்ப்ளே போர்ட்டையே பயன்படுத்துங்கள். கடைசியாக, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போய் 144-ஐத் தேர்ந்தெடுங்கள். பல நேரம் அது தானாக மாறாது.

எச்டிஎம்ஐ-யில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் பேனலைக் குறை சொல்லாதீர்கள். கார்டின் டிரைவர் செட்டிங்கில் அவுட்புட் ரேஞ்ச் (கறுப்பு-வெள்ளை அளவு) ‘லிமிடெட்’ ஆக இருக்கும், ‘ஃபுல்’ ஆக்குங்கள்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொன்றாகத் திரை முழுக்க வைத்து டெட் பிக்சல் (வேலை செய்யாத புள்ளி) தேடுங்கள். கறுப்பை மட்டும் விளக்கை அணைத்துப் பாருங்கள், ஓரங்களில் ஒளி கசிந்தால் அப்போதுதான் தெரியும்.