ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு உல்லன் பொம்மைக் குடில்: கழுத்து தளர்கிறது, பொம்மை நிற்கவில்லை

ரங்கூன்_டீச்சர் (கேள்வி)

எல்லாருக்கும் தோத்திரம். ரங்கூனில் உள்ள எங்கள் தமிழ் சபையின் ஞாயிறு பள்ளியில் 8 முதல் 12 வயது வரை 20 பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த அட்வெந்து காலத்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள்) அவர்கள் கையாலேயே உல்லன் நூல் பொம்மைகள் செய்து, கிறிஸ்துமஸ் குடில் வைக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். ஒவ்வொரு ஞாயிறும் 45 நிமிஷம்தான் கிடைக்கும்.

அட்டையில் நூலைச் சுற்றி, மேலே கட்டி, கீழே வெட்டி, கழுத்தில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு. இந்த அடிப்படை தெரியும். மாதிரிக்குச் செய்த பொம்மைகளில் வந்த குறைகள் இவை:

1. கழுத்துக் கட்டு இரண்டு நாளில் தளர்ந்து மேலே ஏறுகிறது. தலை சப்பிப் போகிறது.
2. கைகள் இடுப்புக்கு இறங்கிவிடுகின்றன.
3. பொம்மை நிற்பதில்லை. வெட்டிய நுனியும் பிரிந்து பஞ்சாகிறது.

எவ்வளவு நூல் வாங்குவது என்பதும் தெரியவேண்டும். மூப்பர் ஒருவர், "மரியாள், யோசேப்பு என்று உருவம் செய்வது விக்கிரகம் ஆகாதா?" என்றும் கேட்டிருக்கிறார். அவருக்கு மரியாதையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

குஞ்சம்_கட்டி

சிஸ்டர், உல்லன் பொம்மை என்பது அடிப்படையில் ஒரு பெரிய குஞ்சம்தான். குஞ்சத்துக்கு உயிர் கட்டில் இருக்கிறது. நீங்கள் சொன்ன குறைகளில் பாதிக்கும் மேல் கட்டிலிருந்து வருபவை.

முதலில் அட்டை. 18 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலம். பார்சல் பெட்டி அட்டையில் வெட்டினால், உள்ளே இருக்கும் நெளிவுக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டுங்கள். கோடு குறுக்கே போனால் நாற்பது சுற்றுக்குள் அட்டை வளைந்துவிடும். அதற்குப் பிறகு சுற்றும் நூல் எல்லாம் குட்டையாகி, வெட்டும்போது பாவாடை ஏறுக்குமாறாக நிற்கும். இரண்டு அட்டையை ஒட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

சுற்றுவதற்கு முன்பே அட்டையின் மேல் விளிம்பில் 30 செ.மீ. கட்டுநூல் ஒன்றைக் கிடையாக வைத்து இரண்டு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். அதன் மேல் 80 சுற்று. சுற்றி முடித்ததும் டேப்பை எடுத்துவிட்டு அந்த நூலையே இறுக்கிக் கட்டலாம். பிள்ளைகள் பிறகு ஊசி விட்டுத் தேடித் திண்டாட வேண்டாம். சுற்றும்போது நூலை இழுத்துப் பிடிக்காமல் அட்டையின் மேல் படிய விட்டாலே போதும். உல்லன் என்று கடையில் கிடைக்கும் அக்ரிலிக் (செயற்கை இழை) நூல் இழுத்தால் நீளும், அட்டையை விட்டதும் சுருங்கும்.

கட்டுவதற்கு அதே உல்லன் நூலைப் பயன்படுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தளர்வதற்குக் காரணம் அதுதான். உல்லன் நூலுக்கு இழுவை உண்டு; இன்று இறுகக் கட்டினாலும் நாளைக்கு அது நீண்டு இடம் கொடுக்கும். முறுக்கு நைலான் நூலோ மெழுகு பூசிய பருத்தி நூலோ வாங்குங்கள். தூண்டில் நரம்பு வேண்டாம், அதில் முடிச்சு வழுக்கும். முதல் முடிச்சில் நூலை ஒரு தடவைக்குப் பதிலாக இரண்டு தடவை முறுக்கிவிட்டு இழுத்தால், இரண்டாவது முடிச்சு போடும்வரை முதலாவது நழுவாமல் நிற்கும். பிறகு கழுத்தை மூன்று நான்கு சுற்று சுற்றி, பின்பக்கம் முடித்து, நுனியை ஊசியில் கோத்து உள்ளே இழுத்துவிடுங்கள்.

தலைக்குள் கட்டாயம் ஏதாவது வைக்கவேண்டும். மிச்ச நூலை 3 செ.மீ. உருண்டையாகச் சுற்றி, இழைகளைச் சுற்றிலும் சமமாகப் பரப்பி உருண்டையை மூடி, அதன் கீழே கட்டுங்கள். மேலிருந்து 4 செ.மீ.யில் கழுத்து வரும். தலை கழுத்தைவிட அகலமாக இருப்பதால் கட்டு மேலே ஏற வழியில்லை. வெறும் இழையில் கட்டினால் அக்ரிலிக் வழவழப்பில் அது ஏறத்தான் செய்யும்.

கைக்கு 14 செ.மீ. அட்டையில் 25 சுற்று. எடுத்து, இரண்டு முனையிலிருந்தும் 1 செ.மீ. உள்ளே தள்ளிக் கட்டி, முனையை வெட்டாமல் வளையமாகவே விடுங்கள், உள்ளங்கை போலத் தெரியும். உடம்பு இழைகளை முன் பாதி, பின் பாதி என்று பிரித்து, நடுவே கையை நுழைத்து, கழுத்துக் கட்டு முட்டும்வரை மேலே தள்ளுங்கள். பிறகு இடுப்புக் கட்டு போடுவதற்கு முன், ஒரு நூலால் வலத் தோளிலிருந்து இடது இடுப்பு, இடத் தோளிலிருந்து வலது இடுப்பு என்று மார்பிலும் முதுகிலும் பெருக்கல் குறி வரும்படி கட்டுங்கள். பலர் விட்டுவிடும் படி இது. கை இறங்குவது இது இல்லாததால்தான். இடுப்பு மேலிருந்து 8 செ.மீ.யில், கீழே 10 செ.மீ. பாவாடை.

நிற்பதற்கு உள்ளே கூம்பு வேண்டும். தடித்த காகிதத்தில் 9 செ.மீ. ஆரம் உள்ள அரைவட்டம் வெட்டிச் சுருட்டினால், அடியில் 9 செ.மீ. அகலமுள்ள கூம்பு கிடைக்கும், பாவாடைக்குள் சரியாக உட்காரும். மின்விசிறிக் காற்றில் விழுகிறது என்றால் அடி விளிம்பின் உட்பக்கம் ஒரு விரல் கனத்துக்குக் களிமண் பிடித்துக் காயவிடுங்கள். நம்ம ஊர் 'பிட் டைங் டவுங்' பொம்மை தட்டத் தட்ட எழுந்து நிற்பதும் அடிக்கனத்தால்தானே.

நுனியைச் சமமாக வெட்ட, பாவாடையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை இறுக்கிச் சுற்றி, அதன் விளிம்பு ஓரமாகக் கத்தரியுங்கள். பிரிவதை நிறுத்த, வெள்ளைப் பசை ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து, விரலில் தொட்டு நுனியில் மட்டும் தடவலாம். சிறு பிள்ளைகள் செய்வதானால் கீழ்ப்பக்கத்தை வெட்டவே வேண்டாம். வளையமாக விட்டாலும் அழகுதான், பிரிகிற பேச்சே இல்லை.

குளூ கன்னை நம்பாதீர்கள். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, பிள்ளைகளின் விரலும் சுடும். எல்லாவற்றையும் ஊசி நூலாலேயே முடிக்கலாம்.

மோல்மேன்_உல்லன்

நூல் கணக்கு இதோ. 18 செ.மீ. அட்டையில் ஒரு சுற்று 36 செ.மீ.; 80 சுற்றுக்கு ஏறக்குறைய 29 மீட்டர். லேபிளில் DK என்று போட்டிருக்கும் இலேசான கன அக்ரிலிக் 100 கிராம் உருண்டையில் பொதுவாக 280 மீட்டர் அளவில் இருக்கும். ஆகவே உடம்புக்கு 10 கிராம், கைக்கு 2.5 கிராம், முடி, உருண்டை எல்லாம் சேர்த்து ஒரு பொம்மைக்கு 15 கிராம். தேவதூதனுக்குச் சிறகும் உண்டு: 10 செ.மீ. அட்டையில் 20 சுற்று, நடுவில் கட்டினால் வில் முடிச்சுப் போல விரியும். அதைக் கழுத்துக்குப் பின்னால் தைத்துவிடுங்கள்.

20 பிள்ளைகளும் ஆளுக்கொரு முழுக் குடில் செய்ய நேரம் போதாது. ஆளுக்கு ஒரு தேவதூதன், அது வீட்டுக்கு. ஐந்து பேர் குழுவுக்கு ஒரு குடில், அது சபைக்கு. தேவதூதனுக்கு மட்டும் வெள்ளை 400 கிராம், அதாவது நாலு உருண்டை வாங்கினால் கழிவுக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். ஒரே நேரத்தில் வாங்குங்கள். வெள்ளை என்று சொல்லி அடுத்த வாரம் கொடுப்பது பால் நிறமாக இருக்கும். தெயின்ஜி சே சந்தையில் உருண்டையைக் கையில் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். முறுக்குத் தளர்ந்த நூல் ஸ்வெட்டருக்கு மெத்தென்று இருக்கும், பொம்மைக்கு ஆகாது, நுனி உடனே பிரியும்.

பொம்மையின் உடம்புக்குப் பருத்தி நூல் வேண்டாம் என்பது என் கருத்து. மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். அக்ரிலிக் தாங்கும். ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகிப் பளபளவென்று சப்பிவிடும், திரும்பி வராது. சுருக்கம் எடுக்க, கெண்டியின் ஆவியில் ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் காட்டினாலே போதும். அதைப் பெரியவர்கள் செய்யட்டும்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூம்புகளைக் கழற்றித் தனியாக அடுக்குங்கள். கூம்பைக் கஞ்சிப் பசையால் ஒட்டியிருந்தால் கரப்பான் அதைத் தேடித்தான் வரும்.

பெசலெயேல்

மூப்பர் கேட்டது நல்ல கேள்வி. அதை ஒதுக்காமல், வேதத்தைத் திறந்து வைத்தே அவரிடம் பேசுங்கள். யாத்திராகமம் 20-ல் கர்த்தர் விலக்குவது உருவம் செய்து அதை நமஸ்கரிப்பதையும் சேவிப்பதையும். அதே புஸ்தகம் 26-ம் அதிகாரம் முதல் வசனத்தில், ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளை மெல்லிய பஞ்சுநூல், இளநீலநூல், இரத்தாம்பரநூல், சிவப்புநூலால் செய்து அவற்றில் கேருபீன்களின் உருவம் வரவேண்டும் என்று அவரே கட்டளையிடுகிறார். நூலால் தேவதூத உருவம் செய்யச் சொன்னவர் அவர். 35-ம் அதிகாரத்தில் அந்த நூலைத் தங்கள் கைகளால் நூற்றுக் கொண்டுவந்தது சபையின் பெண்கள். பிள்ளைகளுக்கு நூலைக் கையில் கொடுக்கும் முதல் ஞாயிறு வாசிக்க இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியவில்லை.

அதே சமயம் அவர் மனசாட்சியையும் மதிக்கவேண்டும். பொம்மைகளைப் பீடத்தில் வைக்காமல் வாசலருகே மேசையில் வையுங்கள். முகத்தில் கண், வாய் எதுவும் தைக்காமல் வெறுமையாக விடலாம். பல சபைகளில் இதோடு தயக்கம் தீர்ந்துவிடுகிறது. பிள்ளை இயேசுவுக்கு உருவமே வேண்டாம் என்றால் வெறும் முன்னணையும் (மாட்டுத் தீவனத் தொட்டி) வைக்கோலும் வெள்ளைத் துணியும் போதும். வேலை டிசம்பரோடு நிற்கவேண்டியதும் இல்லை. அப்போஸ்தலர் 9-ல் தொற்காள் தைத்த அங்கிகளை விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காட்டுகிறார்கள். உங்கள் சபையில் தொற்காள் சங்கம் இருந்தால் அந்த அம்மாக்களைக் கூப்பிடுங்கள். முடிச்சு போடக் கற்றுக்கொடுக்க அவர்களைவிட யார் உண்டு?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். தேவதூதன் வீட்டுக்குப் போகும், வீட்டில் கைக்குழந்தை இருக்கும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பொத்தான், மணி, கம்பி வைத்த பொம்மையை அனுப்பாதீர்கள். தொங்கும் ஒற்றை இழைகூட குழந்தையின் விரலைச் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்தக்கூடும். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பொம்மை கைக்கெட்டாத உயரத்தில் தொங்கவிடுவதற்காக மட்டும் போகட்டும்.

ரங்கூன்_டீச்சர்

ரொம்ப நன்றி, எல்லாருக்கும். பெசலெயேல் ஐயா எழுதியதை மூப்பருக்கு வாசித்துக் காட்டினேன். முகம் இல்லாமல் செய்யலாம் என்று ஒத்துக்கொண்டார். இன்னும் இரண்டு சந்தேகம். நீல நூலில் மரியாள் செய்தால் தலையும் நீலமாக வருகிறதே? எந்த ஞாயிறு எதைச் செய்வது?

குஞ்சம்_கட்டி

தேவதூதன் முழு வெள்ளையாக இருப்பதால் ஒரே நூல் போதும். மனிதர்களுக்கு இரண்டு நூல் வேண்டும். தேன் நிறம் அல்லது வெளிர் பழுப்பில் 18 செ.மீ. அட்டையில் 40 சுற்று மட்டும் சுற்றித் தலை, கழுத்து, கை வரை முடியுங்கள். கையும் அதே நிறம். இப்போது கைக்கு வெட்டிய 14 செ.மீ. அட்டையில் நீல நூல் 60 சுற்று சுற்றி ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் 28 செ.மீ. நீளத்தில் 60 இழை கிடைக்கும். கழுத்துக்கு இந்தப் பக்கம் 30, அந்தப் பக்கம் 30 என்று தோளில் போட்டு, முன்னும் பின்னும் சமமாகத் தொங்கவிட்டு, அதற்கு மேல் இடுப்பைக் கட்டுங்கள். 4 செ.மீ. தலை போக மீதி 14 செ.மீ. என்பதால் அங்கி பாவாடை நுனிக்குச் சரியாக வந்து சேரும். பெருக்கல் கட்டை அங்கிக்கு அடியிலேயே போட்டுவிடுங்கள், வெளியே தெரியாது.

மேய்ப்பர்களுக்கு இழையைப் பிரித்துக் கால் கட்டவேண்டாம். கால் வைத்தால் கம்பி இல்லாமல் நிற்காது. எல்லாருக்கும் நீள அங்கியே போடுங்கள்.

பிள்ளை இயேசுவுக்கு 7 செ.மீ. அட்டையில் 20 சுற்று, கை வேண்டாம். 2.5 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் உள்ள மல் துணிப் பட்டையைத் தோளிலிருந்து கீழே சுற்றிக்கொண்டே வாருங்கள். லூக்கா சொல்வது போலத் துணிகளில் சுற்றிய பிள்ளைதான், கை தெரியவேண்டிய அவசியமே இல்லை. சோப்புப் பெட்டியை நீளவாக்கில் பாதியாக வெட்டினால் முன்னணை.

அட்வெந்தின் முதல் ஞாயிறு தேவதூதன்: ஒரே நிறம், பிள்ளைகளுக்குக் கை பழகும். ஒருவர் அட்டையைப் பிடிக்க, ஒருவர் சுற்றட்டும். பத்துச் சுற்றுக்கு ஒரு தரம் இருவரும் சேர்ந்து உரக்க எண்ணினால் கணக்குத் தப்பாது. இரண்டாவது ஞாயிறு யோசேப்பும் மரியாளும், மூன்றாவது மேய்ப்பர்கள், நான்காவது பிள்ளையும் முன்னணையும். பிள்ளையைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளை, அவர்களை நினைக்கும் நாளான ஜனவரி 6-க்கு விட்டுவிடுங்கள். மத்தேயு அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கை சொல்லவில்லை, பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கையைத்தான் சொல்கிறார். அவர்கள் வந்ததும் ஒரு வீட்டுக்கு. ஆகவே குடிலுக்குள் நெருக்காமல் மேசையின் மறுகோடியில் வைக்கலாம்.

முகம் வெறுமையாக இருக்கப்போகிறது என்பதால் ஒரு யோசனை. தேவதூதனின் கன்னத்தில் மட்டும் இரண்டு வட்டம், நம்ம ஊரில் முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டைக் குழம்பு போல. நிஜத் தனக்காவைத் தடவாதீர்கள், காய்ந்ததும் இழையிலிருந்து உதிர்ந்துவிடும். வெளிர்மஞ்சள் ஃபெல்ட் துணியில் 8 மி.மீ. வட்டம் வெட்டி, நாலு பக்கமும் ஒவ்வொரு தையல்.

மரியாளின் தலைத்துணிக்குப் பழைய கைலித் துண்டு 9 செ.மீ. சதுரம் போதும். நெற்றியில் ஒன்று, பிடரியில் ஒன்று என்று இரண்டே தையல் போடுங்கள். உச்சியில் இழை பிரிந்து உள்ளே இருக்கும் உருண்டை தெரிந்தாலும் அது மறைத்துவிடும், துவைக்கவேண்டும் என்றால் கழற்றவும் எளிது.