சுழிப்பெல்லை: டர்போபாஸுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காற்று ஒழுங்கின்றிச் சுழன்று கலக்கும் டர்புலன்ஸுக்குக் (turbulence) ‘கொந்தளிப்பு’ என்றும், அதை ஒட்டி, வளிமண்டலத்தில் அந்தக் கலப்பு அடங்கும் உயரமான டர்போபாஸுக்குக் (turbopause) ‘கொந்தளிப்பு எல்லை’ என்றும் முன்வைக்கப்பட்ட சொற்களில் எனக்குத் தயக்கம் உண்டு. கொந்தளிப்பு கடலின் சொல். கேட்டவுடன் அலைதான் நினைவுக்கு வரும். நடு வளிமண்டலத்திலோ அலையும் டர்புலன்ஸும் வெவ்வேறு. மலைமுகடுகளிலும் இடிமுகில்களிலும் பிறக்கும் மிதப்பலைகள் (ஆங்கிலத்தில் gravity waves; ‘ஈர்ப்பலை’ என்றால் ஐன்ஸ்டைன் சொன்ன அலைகளோடு குழம்பும்) மேலே செல்லச் செல்ல, காற்றின் அடர்த்தி குறைவதால் வீச்சு பெருகி, இடைமண்டலத்தில் (mesosphere, ஏறத்தாழ 50 முதல் 85 கிலோமீட்டர் உயரம்) உடைகின்றன. அதன்பின் பெரிய சுழிகள் சிறு சுழிகளாகவும், அவை மேலும் சிறியனவாகவும் சிதைந்து, கடைசியில் பாகுநிலையால் (காற்றின் உள்ளுராய்வால்) வெப்பமாகிக் கரைந்துபோகின்றன. இந்தச் சிதைவுதான் டர்புலன்ஸ். திருப்பதிக்கு அருகே காதங்கியில் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ரேடார், தன் அலைநீளத்தில் பாதியான ஏறத்தாழ 3 மீட்டர் அளவுள்ள ஒழுங்கின்மைகளிலிருந்து திரும்பும் எதிரொலியையே பிடிக்கிறது. இதைக் ‘கொந்தளிப்பு’ என்று எழுதினால், அலையைச் சொல்கிறோமா, அலை உடைந்ததைச் சொல்கிறோமா என்பது விளங்காது.

ஆகவே ‘சுழிப்பு’ என்பதை முன்மொழிகிறேன். வெள்ளக்காலத்தில் பாலத்தூணின் பின்புறம் ஆறு சுழித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. டர்புலன்ஸில் உள்ள தனித்த சுழலை, அதாவது எடி (eddy) ஒன்றைச் ‘சுழி’ எனலாம். ஆனால் இத்தகைய சுழல்களால் வளிமங்கள் கலந்து பரவும் எடி டிஃப்யூஷனைச் (eddy diffusion) ‘சுழி விரவல்’ என்று பெயர்த்தால், சுழி பூஜ்யத்தையும் குறிப்பதால், விரவலே இல்லை என்று மாணவர் பொருள்கொள்ளக்கூடும். தொடர்களில் ‘சுழிப்பு விரவல்’ என்றே எழுதுவது நல்லது.

இனி டர்போபாஸ். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ஏவப்பட்ட நைக்-அப்பாச்சி ராக்கெட் அந்தி வானில் சோடியம் ஆவியை வெளியிட்டது. இத்தகைய ஆவித்தடங்களின் கீழ்ப்பகுதி பிய்த்த பஞ்சுபோல முறுக்கிக் கிழிந்திருக்கும். ஏறத்தாழ 100 முதல் 110 கிலோமீட்டருக்கு மேலே உள்ள பகுதியோ, காற்றில் வளைந்தாலும், விளிம்பு குலையாமல் மெல்ல அகன்றுகொண்டே போகும். அந்த மாற்றம் நிகழும் உயரம்தான் ‘சுழிப்பெல்லை’. அதற்குக் கீழே நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஆர்கானும் ஏறத்தாழ தரையில் உள்ள அதே விகிதத்தில் கலந்திருக்கின்றன. மேலே ஒவ்வொரு வளிமமும் தன் எடைக்கேற்பப் பிரியத் தொடங்குகிறது.

டர்போபாஸில் வரும் ‘பாஸ்’ (pause) என்பதற்கு, ‘எல்லை’யைவிட ‘ஓய்வு’ என்பதே சொல்லுக்குச் சொல் நெருக்கமானது என்ற வாதம் எனக்கு ஏற்புடையதன்று. அந்த உயரத்தில் ஓய்வது சுழிப்பு மட்டுமே. மூலக்கூறுகள் தம் இயக்கத்தாலேயே பரவும் மூலக்கூறு விரவல் அங்கேதான் மேலோங்குகிறது.